கீழ்வீட்டு மனிசியும் காரின் முனகலும்

இப்போது நம் வீட்டு வாசல்களில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுபவை. சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உறுமலும் இல்லை. போன மாதம் என் மகள் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது எங்கோ ‘டொக்’ என்று ஒன்று கேட்டது. "ஒண்டுமில்லை அம்மா, தண்ணிப் போத்தல் உருளுது" என்றாள். நான் அதற்குள் இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன். இந்த நோர்வேயில், புருசெத் மாடிக் குடியிருப்புப் புளொக்குகளில் என்னோடு வளர்ந்த உங்களுக்கு இது விளங்கும். நம் அப்பாமார் ஓடிய பழைய கார்களில் ஒரு சத்தமும் சும்மா வந்ததில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு இரண்டு. அந்தக் குளிர்காலத்தில் நான் செய்ததை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஐம்பதைத் தாண்டிவிட்டோம், இனி யாருக்கு வெட்கப்படுவது?

அப்பாவின் கார் கடுகு நிறத்தில் இருந்த ஒரு சுவீடன் கார். பெட்டிபோல நேரான உடம்பு. எங்களுக்கு வரும்போதே அது இரண்டு பேரிடம் ஓடி முடித்திருந்தது. உள்ளே பெற்றோலும் ஈரக் கம்பளியும் அம்மா கட்டிக்கொண்டு வரும் கறிச் சாப்பாடும் சேர்ந்து மணக்கும். இருக்கைகளின் தலைமாட்டுக்கு அம்மா குரோஷே ஊசியால் பின்னிய வெள்ளை உறைகள். பாட்டுப் பெட்டியில் ஒரே ஒரு கசெட், அதுவும் நாடா இழுபட்டு, பாடகர் மூக்கடைத்துத் தடிமன் பிடித்தவர்போலப் பாடுவார். இதெல்லாம் எங்கே போயிற்று என்று இப்போது யாருக்கும் தெரியாது.

பின்னிருக்கையின் நடுவில், காலடியில், ஒரு நீண்ட மேடு இருக்கும். பின் சில்லுகளால் உந்தப்படும் கார் அது. எஞ்சினின் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டு அந்த மேட்டுக்குக் கீழேதான் ஓடும். தம்பி அம்மாவின் மடியில், நான் நடுவில், மேட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால். அதனால் அந்த முனகலை முதலில் உணர்ந்தவள் நான். கார்த்திகை மாதம், முதல் பனி விழுந்த கிழமை. கார் கொஞ்சம் வேகம் எடுத்ததும் உள்ளங்காலில் ஒரு ‘ம்ம்ம்’ ஏறியது. நின்று புறப்படும்போது ஒரு ‘டொக்’.

"அப்பா, காலுக்குக் கீழை ஏதோ முனகுது."

"அது ஆணி ரயர், பிள்ளை. பனியில வழுக்காமல் இருக்க மாத்தினனான் எல்லே. றோட்டில ஆணி உரசிற சத்தம்."

பக்கத்தில், எல்லிங்ஸ்ருட்டில் இருந்த அப்பாவின் சிநேகிதரும் வந்து ரயரைக் காலால் உதைத்துப் பார்த்து, ரயர்தான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நான் மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் அப்பாவுக்கும் உரியவை. நீச்சல் குளத்துக்குப் போவோம். அன்றைக்கு மட்டும் நான் முன்னிருக்கையில். வரும் வழியில் ஏலக்காய் மணக்கும் பணிஸ் ஒன்று வாங்கிப் பாதி பாதியாகத் தின்போம். மற்ற நாட்களில் அப்பா விடிய முன்னரே வேலைக்குப் போய்விடுவார். திரும்பி வந்தால் பேச மாட்டார். ஞாயிறு காலையில் மட்டும் எனக்கு ஒரு அப்பா இருந்தார்.

அப்படியான ஒரு ஞாயிறு, அப்பா காரைப் பின்னுக்கு எடுக்கும்போது ‘டொக்’ என்றது. வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எங்களுக்கு நேர் கீழே குடியிருந்த நோர்வேக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும், தனியாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக வேலை செய்து, முதுகு நோவால் நின்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை எங்களுக்கு அவர், நாங்கள் மேலே குதித்தால் அடங்கச் சொல்லிக் குழாயில் தட்டுகிற ஆள். வீட்டில் அவரைக் ‘கீழ்வீட்டு மனிசி’ என்போம். எங்கள் பேச்சில் மனிசி என்றால் பெண் என்றும் பொருள், மனைவி என்றும் பொருள். இந்த இரட்டைப் பொருள்தான் பிறகு அம்மாவைக் குத்தியது.

அவர் பேசியது நோர்வே மொழிதான். ஆனால் அம்மாவும் நானும் பின்னாளில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்லிச் சொல்லி, என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழே பேசுகிறார்.

"இந்தச் சத்தம் எவ்வளவு நாளா?" என்று அப்பாவிடம் கேட்டார். பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு முன்கதவைத் திறந்தார். முன்னிருக்கையில் நான் இருந்தேன். நீச்சல் பை மடியில். "நீ கொஞ்சம் பின்னாலை போறியே?" என்றார்.

போனேன். அந்த நிமிடம்தான் அவரை வெறுக்கத் தொடங்கினேன்.

பெரிய றோட்டுக்கு வந்ததும் அவர் கட்டளையிட, அப்பா ஓட்டினார். "அறுபதுக்குப் போங்கோ." முனகல் வந்தது. "இப்ப கிளச்சை மிதிச்சுக் கியரை எடுங்கோ. எஞ்சின் சும்மா கிடக்கட்டும்." எஞ்சின் அடங்கியது. முனகல் அடங்கவில்லை. "அப்ப எஞ்சின் இல்லை" என்று ஒரு விரலை மடக்கினார். இடப்பக்கம் வளையச் சொன்னார், வலப்பக்கம் வளையச் சொன்னார். சத்தம் மாறவில்லை. "சில்லுப் பேரிங்கும் இல்லை." இரண்டாவது விரல். கியரைப் போட்டு அழுத்தச் சொன்னார், காலை எடுக்கச் சொன்னார், மறுபடி அழுத்தச் சொன்னார். அப்போதும் அதே ‘ம்ம்ம்’. "பின் அச்சில இருக்கிற பல்லுப் பெட்டியும் இல்லை." மூன்றாவது விரல்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"உன்ரை காலுக்குக் கீழை ஏதும் தெரியுதோ?"

மூன்று கிழமையாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். உள்ளங்கால் கூசிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவருக்கு எதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் தன் கையுறையைக் கழற்றி, பின்னுக்கு எக்கி, என் இரண்டு சப்பாத்துகளுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தார். "இஞ்சைதான்" என்றார். அப்பா "ஓம், ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டினார். நான் சொன்னபோது ரயர், அவர் சொன்னபோது உண்மை.

அந்த நீளத் தண்டு இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் ஒரு பேரிங்கும் ரப்பர் வளையமும் அதைத் தாங்கும், அந்த ரப்பர் கிழிந்திருக்கிறது என்று அவர் விளங்கப்படுத்தினார். ‘டொக்’ சத்தம் தண்டின் மூட்டுகளிலிருந்து வருகிறது. தன் கராஜில் வைத்துத் தானே மாற்றித் தரலாம், சாமானுக்குச் சொல்லி வைக்கிறேன், அதுவரை மெல்ல ஓடுங்கோ என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா நீச்சலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. துருப்பிடித்த திருகாணிகள் கழலவில்லை, எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறோம் என்றார். நான் பல்கனியில் நின்று பார்ப்பேன். கராஜ் கதவு பாதி திறந்திருக்கும், உள்ளே மஞ்சள் விளக்கு. அங்கிருந்து அப்பாவின் சிரிப்பு வரும். அரைகுறை நோர்வே மொழியில் ஏதோ சொல்லி அவரும் சிரிப்பார், அந்த மனிசியும் சிரிப்பார். வீட்டில் அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போலும். சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மா தண்ணீரை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நிற்பதைக் கண்டேன்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு அன்ரி அம்மாவிடம் சொன்னார்: "என்னப்பா, உங்கட மனிசன் இப்ப கீழ்வீட்டு மனிசியோடையாம்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வீடு வரும்வரை என் கையை நோகும்படி பிடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாவது ஞாயிறு அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி என்னிடம் தந்தார். "குடுத்திட்டு உடனை வா" என்றார். பிறகு, என் முகத்தைப் பாராமல், "என்ன செய்யினம் எண்டு பாத்துக்கொண்டு வா" என்றார்.

கார் இரும்புத் தாங்கிகளில் உயர்ந்து நின்றது. கீழே இரண்டு சோடிக் கால்கள். நான் குனிந்தேன். காட்போட் மட்டையை விரித்து இருவரும் மல்லாந்து கிடந்தார்கள். மனிசி அப்பாவின் வலக்கையைத் தன் கையால் பிடித்து, தண்டின் மூட்டில் கொண்டுபோய் வைத்தார். "ஷென்" என்றார். தொட்டு உணர்ந்து பார் என்பதற்கு அவர்கள் மொழியில் ஒரே சொல். மூட்டைச் சுற்றிக் காவி நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தது. அவர் தண்டை அந்தப் பக்கம் திருக, அப்பாவின் கையை இந்தப் பக்கம் திருகினார். ‘கிளிக்’ என்று மெல்லிய சத்தம். அப்பா "ஓ!" என்றார், சின்னப் பிள்ளைபோல.

எனக்கும் அந்த ‘கிளிக்’ கேட்டது. எனக்கும் அதைத் தொட வேண்டும்போல இருந்தது. ஒரு காலை மடித்து முழங்காலில் நின்றுவிட்டேன். அப்பா கண்டுவிட்டார். "பிள்ளை, போ மேலை. உடுப்பு ஊத்தையாகும்."

பிளாஸ்கை வாசலில் பனிக்குள் குத்தி வைத்துவிட்டு மேலே ஓடினேன்.

"என்ன செய்யினம்?" என்றார் அம்மா.

"அவ அப்பான்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறா."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அம்மா அடுப்பை அணைத்தார். வெங்காயம் பாதி வதங்கியபடி கிடந்தது.

அப்பா வந்ததும் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "இனி அங்கை போகத் தேவையில்லை."

"ஏன்? சாமான் வாற கிழமை வந்திடும். உமக்கு என்ன நடந்தது?"

"சனம் கதைக்குது. போகத் தேவையில்லை எண்டு சொன்னனான்."

அப்பா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. ஊர்வாய்க்குத்தான் அம்மா பயப்படுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். கீழே போய்க் காரை எடுத்து வெளியே விட்டார். அந்த மனிசிக்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா அவர் வீட்டு யன்னலைத் தலை குனிந்துதான் கடந்தார். காரைத் திருத்த வேறொரு கராஜில் மாத முடிவில்தான் நேரம் கிடைத்தது.

ஒரு கிழமை கழித்துக் கதவு தட்டப்பட்டது. மனிசி கையில் ஒரு பெட்டியோடு நின்றார். சாமான் வந்துவிட்டது என்றார். அம்மா கதவை அரைவாசிதான் திறந்தார். தெரிந்த இரண்டு நோர்வேச் சொற்களைச் சொன்னார்: நன்றி, வேண்டாம். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கீழ்வீட்டு மனிசியின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் நீச்சல் குளத்தில் அப்பா தண்ணீருக்குள் இறங்கவில்லை, கரையோர வாங்கில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் தோளை உயர்த்தியபடி மெல்ல ஓட்டினார். முனகல் இப்போது முன்னிருக்கைக்கும் கேட்டது. கசெட்டைப் போட்டு அதை மறைக்கப் பார்த்தார்.

தை மாதம் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு சாமத்தியவீடு, வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சடங்கு. அம்மா மயில்நீலப் பட்டு, கை நிறையக் காப்பு. மத்தியானம் புறப்பட்டோம். பக்கத்து இடம்தானே, ஆறுதலாய்ப் போவோம் என்றார் அப்பா. ஏற்றத்தில் பாதி தூரம் போயிருப்போம். காலுக்குக் கீழே யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு இடி. மேடு என் கால்களுக்கு நடுவில் அதிர்ந்து, தகரம் கிழிகிற சத்தம். தண்டின் முன் மூட்டு உடைந்து, நுனி றோட்டில் விழுந்து அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் உறுமியது, கார் முன்னுக்குப் போகவில்லை. உறைபனியில் மெல்லப் பின்னுக்கு வழுக்கத் தொடங்கியது. அப்பா பிறேக்கின்மேல் ஏறி நின்றார். அம்மா தம்பியின் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமுக்கிக்கொண்டு குனிந்தார். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்து, எங்கள் பின் பம்பருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. எங்கள் கார் அதில் போய் மெல்ல முட்டி ஓய்ந்தது.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அம்மா பட்டுச் சேலையோடும் திறந்த செருப்போடும் பனிக்குள் இறங்கி நின்றார். அம்மா நெடுநேரம் காரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஓடிப்போய் அவவைக் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

இறக்கத்தில் விழுந்து எழும்பி ஓடினேன். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். மனிசி என்னைக் கண்டதும், "அப்பாவுக்கு ஒண்டுமில்லையே?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டே, கொளுவியில் தொங்கிய தன் வான் வண்டித் திறப்பை எடுத்தார்.

தொங்கிய தண்டைக் கம்பியால் கட்டி, காரை இழுத்துத் தன் கராஜில் சேர்த்தார். அப்பா வாசலிலேயே நின்றார், உள்ளே வரக் கால் எழவில்லை. "நீங்கள் தம்பியைக் கொண்டுபோங்கோ, விறைச்சுப்போனான். நான் நிக்கிறன்" என்றார் அம்மா. அங்கே என்னதான் இருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் அது என்று இப்போது விளங்குகிறது.

காரை உயர்த்தியதும் அம்மா உடைந்த நோர்வே மொழியில் என்ன நடந்தது என்று கேட்டார். மனிசி கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் கனத்த வேலைச் சட்டையை அம்மாவின் தோளில் போட்டு, மட்டையை விரித்தார். அம்மா சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்தார். நான் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன். மனிசி அம்மாவின் கையைப் பிடித்து, உடையாமல் மிஞ்சியிருந்த பின் மூட்டில் வைத்தார்.

"ஷென்."

காப்புகள் இரும்பில் பட்டுக் கிலுங்கின. ‘கிளிக்’. அம்மா கையை எடுக்கவில்லை. ஒருமுறை தானாகத் திருகிப் பார்த்தார். மறுபடி ‘கிளிக்’. பிறகு தலையைத் திருப்பி, சில்லின் பக்கமாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் காலை என் தலையை இழுத்துப் பின்னும்போது அம்மா சொன்னார்: "கண்டதைச் சொன்னனி. கண்ட எல்லாத்தையும் சொல்லேல்லை." பின்னி முடித்து, ஒரு தட்டில் உழுந்து வடை வைத்துக் கையில் தந்தார். "கீழை போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டு வா."

சொன்னேன். தட்டைப் பிடித்தபடி, வாசற்படியில் நின்று, ஒரே மூச்சில். மனிசி கதவுநிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், சப்பாத்துத் தட்டின்மேல், பிரிக்காத அந்தப் பெட்டி இருந்தது.

"அதுதானோ" என்றார். "நான் ஏதோ பிழையான சொல்லுச் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சன். இவ்வளவு நாளும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தன்."

பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏன் அப்பிடிச் சொன்னனி?" என்றார்.

"சத்தத்தை நான்தான் முதல் கண்டுபிடிச்சனான்."

"நான் கேக்கேக்கை இல்லை எண்டனியே."

நான் தட்டை நீட்டினேன். அவர் தட்டை வாங்கினார். "அம்மாவுக்கு நன்றி சொல்லு" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நம் காலத்துப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு அதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அவர் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கராஜுக்குப் போனவர் அம்மா. அப்பா தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். புதிய மூட்டையும் பேரிங்கையும் பூட்டும்போது விளக்குப் பிடித்ததும், ஆணி இறுக்கியதும் அம்மாதான். நகத்துக்குள் கறுப்பு எண்ணெயோடு மேலே வந்து, அந்தக் கையாலேயே புட்டு அவித்தார். இளவேனில் வரும்போது அந்த மனிசி அம்மாவுக்குக் கார் ஓட்டவும் பழக்கினார். பள்ளிக்கூட வாசலில் நக்கலடித்த அன்ரியை ஒருநாள் அம்மாவே ட்வெய்ட்டாக் கடைத்தொகுதிக்கு ஏற்றிக்கொண்டு போனார், சாமான் வாங்க. அம்மா நோர்வே மொழி பேசப் பழகியதும் அந்தக் கராஜில்தான். எங்களுக்குக் கேட்காமல் அவர்கள் இருவரும் பேசிச் சிரிக்க எவ்வளவோ இருந்தது.

கீழ்வீட்டு மனிசி என்னோடு ஒருநாளும் கோபித்ததில்லை. பிறந்தநாளுக்குப் பரிசு தருவார், பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்பார். ஆனால் காருக்குக் கீழே வா என்று என்னைக் கூப்பிட்டதே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூப்பிட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் அப்பா போனார். செத்தவீட்டு மண்டபத்தில் முன் வரிசையில் அம்மாவின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அந்த மனிசி, எண்பதைத் தாண்டிய வயதில், கறுப்புக் கோட்டோடு. பெட்டியை மூடும்போது அம்மா தள்ளாடினார். நான் கையை நீட்டினேன். அம்மா அந்தப் பக்கம் சாய்ந்தார். அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். பின்னால் இருந்த ஒருவர் என் முதுகைத் தடவி, "அப்பாவிலை அவ்வளவு பாசம்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். பாதி அப்பாவுக்காகத்தான்.